நட்டு வைக்கப்படும் தலைவர்: மினாங்கபாவு 'பத்தாகக் பங்குலு' சடங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் மினாங்கபாவு மக்கள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ரெண்டாங் கறியும், எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகிற கூரையும்தான். அந்தக் கூரைக்குக் கீழே நடக்கிற சடங்குகளில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு குலத்துக்குப் புதுத் தலைவரை நிறுத்தும் சடங்கு. அதில் துணியின் மடிப்புக்கும் பொருள் இருக்கிறது, கத்தியின் சாய்வுக்கும் பொருள் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பத்தாகக் பங்குலு என்றால் என்ன?

மினாங்கபாவு மொழியில் 'தாகக்' என்றால் நிற்பது. 'பத்தாகக்' என்பது ஒன்றை நிமிர்த்தி நிறுத்துவது. வீடு எழுப்புவதற்கும் இதே சொல்தான். 'பங்குலு' என்பவர் தாய்வழிக் குலத்தின் தலைவர். மலேசியத் தமிழர்கள் 'பெங்குலு' என்று கேட்டிருப்பீர்கள், அதே சொல். ஆகவே பத்தாகக் பங்குலு என்றால் 'தலைவரை நிறுத்துதல்'. வீட்டுக்குத் தூண் நிறுத்துகிற மாதிரி.

சடங்கு முடிந்ததும் அவர் 'டத்துக்' ஆகிறார். அந்தக் குலத்துக்கென்று தலைமுறை தலைமுறையாக இருக்கிற பட்டப்பெயர் அவர் பெயராகிவிடும். பட்டத்துக்கு 'சாக்கோ' என்று பெயர். நிலம், வீடு போன்ற குலச் சொத்துக்குப் பெயர் 'புசாக்கோ'. இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். பட்டம் இல்லாமல் சொத்தைக் காக்க ஆளில்லை, சொத்து இல்லாமல் பட்டத்துக்கு நிற்க இடமில்லை.

இது எங்கே நடக்கிறது?

இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ரா மாநிலத்தில், மராபி, சிங்கலாங் எரிமலைகளைச் சுற்றிய மலைநாட்டில். 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம், அதில் மிகப் பெரும்பான்மை மினாங்கபாவு மக்கள். மலைநாட்டின் மூலப் பகுதிகள் மூன்று: தானா டதார், அகாம், லிமாபுலு கோத்தா. ஊருக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'நகரி'. ஆமாம், நம் காதுக்குப் பழக்கமான அதே வடசொல்தான். ஆனால் அங்கே நகரி என்றால் நகரம் கிடையாது. வயலும் பள்ளிவாசலும் மன்றமும் உள்ள ஒரு தன்னாட்சிக் கிராமம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'அடாட் ஒரு நகரியின் சுற்றளவு, புசாக்கோ ஒரு குலத்தின் சுற்றளவு' என்பது அவர்கள் பழமொழி. அடாட் என்றால் வழக்காறு. ஒரு நகரியில் உள்ள முறை பக்கத்து நகரியில் அப்படியே இருக்காது. கீழே நான் சொல்வது பரவலாக உள்ள வடிவம்.

தலைவர் பதவி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகுமா?

போகாது. உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் இவர்களுடையது. பிள்ளை அம்மாவின் குலம். வீடும் வயலும் பெண் வழியே இறங்கும். பட்டம் ஆணுக்குத்தான், ஆனால் அதுவும் பெண் வழியாகவே போகும்: தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கு. தாய்மாமனை 'மாமாக்' என்கிறார்கள், சகோதரியின் பிள்ளையைக் 'கமனாகன்'. டத்துக்கின் சொந்த மகன் வேறு குலத்தவன், அவன் அம்மாவின் குலத்தில் அவனுக்கு வேறு மாமன் இருப்பார்.

அதற்காக அப்பா பிள்ளைகளைக் கைவிடுவதாக எண்ண வேண்டாம். 'பிள்ளையை மடியில் வை, சகோதரியின் பிள்ளையைக் கைபிடித்து நடத்து' என்பது அவர்கள் சொல்வழக்கு. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.

கேரளத்தின் மருமக்கள்தாயத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இன்னும் நெருங்கிய ஒப்பீடு மட்டக்களப்பில் இருக்கிறது. அங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் 'குடி' தாய் வழியே வருகிறது. கோயிலில் குடியின் சார்பில் வண்ணக்கர் இருப்பார், பள்ளிவாசலில் மரைக்காயர் இருப்பார். முஸ்லிம் சமூகம் தாய்வழிக் குலத்தோடு வாழ முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கிழக்கிலங்கையைத்தான்.

அவர்கள் முஸ்லிம்கள்தானே? பிறகு எப்படி இந்த முறை நிலைத்தது?

சுலபமாக நிலைக்கவில்லை. 1803 முதல் 1837 வரை நடந்த பத்ரி போர், சீர்திருத்த மார்க்க அறிஞர்களுக்கும் அடாட் தலைவர்களுக்கும் இடையே மூண்டு, பின்னர் டச்சுக்காரர்களை எதிர்த்த போராக மாறியது. அந்த நூற்றாண்டின் காயங்களிலிருந்து திரண்ட வாசகம் இன்றும் ஒவ்வொரு பட்டமேற்பிலும் ஒலிக்கிறது: 'அடாட் மார்க்கச் சட்டத்தின் மேல் நிற்கிறது, மார்க்கச் சட்டம் இறைவேதத்தின் மேல் நிற்கிறது.' நடைமுறையில் அவர்கள் கண்ட தீர்வு, முன்னோர் வழி வந்த குலச் சொத்து தாய் வழியே போகும், ஒருவர் தானே உழைத்துச் சேர்த்தது இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பிரியும் என்பது.

யார் அடுத்த டத்துக் என்று முடிவு செய்வது யார்?

குலத்தார் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒத்துவரும் வரை பேச்சு நடக்கும். 'தண்ணீரை உருட்டுவது மூங்கில் குழாய், சொல்லை உருட்டுவது ஒருமித்த கருத்து' என்பார்கள். மூங்கில் குழாயில் ஓடும் தண்ணீர் உருண்டையாக வருகிறதல்லவா, அப்படி.

இதில் பெண்களின் சொல் கனமானது. 'புந்தோ கண்டுவாங்' எனப்படும் மூத்த தாய்மார் ஒப்பாமல் பெயர் முன்னே நகராது. அந்தப் பையன் யார் வீட்டில் எப்படி வளர்ந்தான், கோபக்காரனா, கடனாளியா என்பது அவர்களுக்குத்தானே தெரியும். குலத்தில் முடிவானபின் பெயர் நகரியின் அடாட் மன்றத்துக்குப் போகும். அங்கே மற்றக் குலங்களின் பங்குலுக்கள் ஏற்க வேண்டும்.

பழைய தலைவர் இறந்தால்தான் புதியவர் வருவாரா?

பல வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களே தனிக் கவிதை.

முதுமையாலோ நோயாலோ முடியாமல் போனவர் உயிரோடிருக்கும்போதே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் 'வாழ்ந்தபடியே மனம் ஒப்பல்'. அவர் இறந்தபின் நிரப்பினால் 'மாண்டால் பண்பே ஊன்றுகோல்'. இங்கே பண்பு என்று நான் எழுதியதற்கு அவர்கள் சொல் 'புதி'. நம் 'புத்தி'யோடு ஒரே வேர், ஆனால் அவர்களிடம் அது நற்குணத்தைக் குறிக்கும். செத்தவர் விட்டுப்போன நற்குணத்தை ஊன்றிக்கொண்டு அடுத்தவர் எழுந்து நிற்கிறார்.

சில ஊர்களில் மறைந்த டத்துக்கின் குழிக்கரையிலேயே வாரிசின் பெயரை அறிவிப்பார்கள். இதற்கு 'செம்மண்ணில் நிறுத்துதல்' என்று பெயர். தோண்டிய மண் இன்னும் சிவப்பாக, ஈரமாகக் குவிந்திருக்கும். அதற்குள் குலம் தலையில்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்ற அவசரம் அதில் தெரியும்.

இன்னொரு நிலைமை: சடங்கு செய்ய வசதி இல்லாமல், அல்லது ஒருமனம் ஏற்படாமல், பட்டம் பல வருடம் யாரும் சூடாமல் கிடக்கும். அதை 'மடித்து வைத்த பட்டம்' என்பார்கள், பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி. அதை மீண்டும் எடுத்து நிறுத்துவதற்குப் பெயர் 'முழுகிக் கிடந்த மரத்தைத் தூக்குதல்'. ஆற்றில் ஊறிக் கிடந்த மரத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவரால் முடியாது, ஊரே சேர்ந்தால்தான் வரும்.

இந்தச் சடங்குக்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

எருமை, பல நாள் விருந்து, நகரி முழுக்க அழைப்பு. சிறிய செலவில்லை. அந்தக் காலத்தில் ஏழு நாள் நடந்ததாகச் சொல்வார்கள், இப்போது சுருங்கிவிட்டது.

செலவை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முன்னோர் நிலத்தை விற்கக் கூடாது, அடகு வைப்பதற்கும் அடாட் நான்கே காரணங்களை ஒத்துக்கொள்கிறது. வீட்டு நடுவில் பிணம் கிடந்து அடக்கம் செய்யப் பணமில்லை என்றால். வளர்ந்த பெண்ணுக்குத் திருமணம் ஆகாமல் நின்றால். குலத்தின் பெரிய வீட்டுக் கூரை ஒழுகினால். நான்காவது, முழுகிய மரத்தைத் தூக்க, அதாவது விழுந்து கிடக்கிற பட்டத்தை நிமிர்த்த. சாவு, கல்யாணம், கூரை ஆகிய மூன்றோடு ஒரே வரிசையில் இதையும் வைத்திருக்கிறார்கள்.

எருமையை ஏன் அறுக்கிறார்கள்? கொம்பைப் புதைப்பது எதற்கு?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். எருமை அறுக்காத பட்டமேற்பு முழுமையானதாகக் கருதப்படாது. முறைப்படி இஸ்லாமிய வழியில்தான் அறுப்பார்கள். ஆனால் அந்தச் செயலுக்கு அடாட் தன் வாசகத்தை வைத்திருக்கிறது: எருமை அறுக்கப்படும், கொம்பு புதைக்கப்படும், இரத்தம் கலக்கப்படும், இறைச்சி உண்ணப்படும்.

பெரியவர்கள் தரும் விளக்கம் இது. எருமையை அறுப்பது புதுத் தலைவருக்குள் இருக்கும் மிருக குணத்தை அறுப்பது. கொம்பு முட்டுகிற உறுப்பு. பதவி கையில் வந்ததும் கீழே இருப்பவரை முட்டத் தோன்றும், அந்த ஆசையை மண்ணுக்குள் போடு என்பது கொம்பின் பொருள். இரத்தம் கலக்குவது கொதிக்கிற இரத்தத்தை அடக்குவது. இறைச்சியை மட்டும் எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். பிறரைக் குத்தக்கூடியது மண்ணுக்கு, பசியாற்றக்கூடியது ஊருக்கு.

இதன் அழகு, அந்த இனத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இன்னும் ஆழமாகப் படும். வெளியூர்ப் படை வந்தபோது, போருக்குப் பதிலாக எருமைச் சண்டை வைத்துக்கொள்ளலாம் என்று இவர்கள் சொன்னார்களாம். எதிரி பெரிய கடாவைக் கொண்டுவந்தான். இவர்கள் பால் மறக்காத கன்றைப் பட்டினி போட்டு, அதன் மூக்கில் கூர்மையான இரும்பைக் கட்டி விட்டார்கள். கன்று தாயென்று நினைத்து ஓடிப்போய் முட்டியது, கடா குடல் சரிந்து விழுந்தது. 'மினாங் கபாவு' என்றால் 'எருமை வென்றது' என்பது மக்கள் சொல்லும் பெயர்க்காரணம். வீட்டுக் கூரையிலும், பெண்களின் தலைத்துணியிலும் அந்தக் கொம்பு வடிவத்தைப் பெருமையோடு வைத்திருக்கிற மக்கள், தங்கள் தலைவரின் நாளில் மட்டும் கொம்பை எடுத்துப் புதைக்கிறார்கள். வெளியே எதிரிக்குக் காட்ட வேண்டியதை உள்ளே உறவுக்குக் காட்டாதே என்று சொல்கிற மாதிரி எனக்குப் படுகிறது. இது என் வாசிப்புதான், அவர்கள் வாயால் கேட்டதில்லை.

டத்துக்கின் உடையில் என்னென்ன பொருள்?

மூன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தலைக்கட்டு. 'சாலுவாக்' என்பார்கள். பாத்திக் துணியை மடித்து மடித்து, நெற்றிக்கு மேல் படி படியாக அடுக்கு தெரியும்படி கட்டியது. மூத்த பங்குலு ஒருவர் அதைப் புதியவரின் தலையில் சூட்டுவார். அந்த மடிப்புகளைப் பற்றி ஒரு பழம்பாடம் உண்டு: தலைத்துணி நீளமானது, சுருக்கங்கள் நிறைந்தது, ஒவ்வொரு சுருக்கத்திலும் அறிவு கொடி போல் படர்கிறது. பிரித்தால் முழுத் துணி. சுருட்டினால் தலைக்குள் அடங்கும். தலைவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே விரிந்து கிடக்க வேண்டியதில்லை, மடிப்புக்குள் இருக்கட்டும், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு பிரியட்டும் என்கிறார்கள். அடுக்கை ஏணிப்படியாகவும் பார்ப்பார்கள், எந்த விவகாரமும் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்க வேண்டும்.

அடுத்து மேல்சட்டை. கறுப்பு, தொளதொளப்பு, மிக அகலமான கை. அந்தக் கை எதற்கு? சூட்டை விசிறிக் குளிரவைக்க, தூசியைத் தட்டிப் போக்க. இரண்டு அண்ணன் தம்பி நிலத்துக்காக அடித்துக்கொண்டு வரும்போது அந்த வீட்டில் முதலில் வீச வேண்டியது விசிறிதான்.

மூன்றாவது கெரிஸ் என்ற வளைகத்தி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்லத் தோன்றும். போர் வீரன் கத்தியைச் சட்டென்று உருவும்படி செருகுவான். பங்குலுவின் கெரிஸ் இடுப்பின் முன்பக்கம், பிடி இடப்பக்கம் சாய்ந்திருக்கும்படி செருகப்படும். அதைத் திருப்பாமல் வலது கையால் உருவ முடியாது. அந்தத் திருப்பலுக்கு ஆகிற ஒரு நொடிதான் விஷயம். கோபம் வந்து கை இடுப்புக்குப் போனாலும், திருப்புகிற நேரத்தில் யோசித்துவிடலாம். கோபத்தைத் தாமதப்படுத்துவதற்கென்றே செருகிய ஆயுதம்.

தானா டதாரின் லிமோ காவும் நகரியில் 'பாத்து பத்திகாம்', 'குத்துப்பட்ட கல்' என்று ஒரு கல் இருக்கிறது. நடுவில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தெரியும் ஓட்டை. அடாட்டை வகுத்தவர்களாகப் போற்றப்படும் இரு சகோதரர்களில் டத்துக் பெர்பாதி நான் சபாத்தாங், அண்ணனோடு இருந்த பகை முடிந்ததற்கு அடையாளமாகத் தன் கெரிஸை அந்தக் கல்லில் குத்தினார் என்பது மரபு. ஆளைக் குத்த வேண்டிய கத்தி கல்லைக் குத்தியது.

மூன்று நிறக் கொடி ஏன்?

'மராவா' என்ற அந்த உயரமான கொடியில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நெடுக்காக ஓடும். மஞ்சள் தானா டதாருக்கு, சிவப்பு அகாமுக்கு, கறுப்பு லிமாபுலு கோத்தாவுக்கு. தெருவில் வரிசையாக மூங்கில் கம்பங்களில் மராவா நின்றால் அந்த நகரியில் பெரிய காரியம் நடக்கிறது என்று தொலைவிலேயே தெரிந்துவிடும்.

வெற்றிலைத் தட்டு வைப்பதாகச் சொல்கிறார்களே, அது நம் வழக்கம் மாதிரிதானா?

பார்த்தால் நம் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கும். 'சாரானோ' என்பது கால் வைத்த பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலையை நுனி வெளியே தெரிய வரிசையாக அடுக்கி, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, புகையிலை வைத்து, சரிகை வேலை செய்த துணியால் மூடியிருப்பார்கள். இது வராமல் பேச்சு தொடங்காது. அழைப்புக்கும் இதுதான், மன்னிப்புக்கும் இதுதான்.

பொருள் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகச் சொல்வது, தனித்தனியே ஒன்று கசக்கும், ஒன்று துவர்க்கும், ஒன்று எரிக்கும், சேர்த்து மென்றால்தான் சிவக்கும் என்பது. பேச வந்தவர்களும் அப்படித்தான்.

அந்தக் காசுக்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் காசுக்கட்டி கருங்காலி மரத்திலிருந்து வருவது. அவர்களுடையது 'கம்பிர்' என்ற செடியின் இலையை அவித்து, மர அச்சில் அழுத்திப் பிழிந்து, சாற்றைத் தெளியவைத்து, வார்த்துக் காயவைப்பது. இந்தோனேசியக் கம்பிரில் பெரும்பகுதி விளைவது மேற்கு சுமத்ராவில், குறிப்பாக லிமாபுலு கோத்தாவில். அதை அதிகம் வாங்குவது இந்தியா, பீடாவுக்காக. அவர்கள் சடங்குத் தட்டில் வைக்கும் அதே பொருள் இந்தியப் பீடாக் கடைகளுக்கும் வந்து சேருகிறது.

விருந்தினராகப் போனால் உங்கள் முன் சாரானோ நீட்டப்படும். மெல்லும் பழக்கம் இல்லாவிட்டால் ஒரு இலையை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது தட்டைக் கையால் தொடுங்கள். கையை அசைத்து மறுத்துவிடாதீர்கள், அது வருத்தும்.

அந்த நீண்ட பேச்சுகளில் என்ன பேசுகிறார்கள்?

'பசம்பாஹான்' என்ற வணக்க உரை. அழைத்தவர் பக்கம் ஒருவர், வந்தவர் பக்கம் ஒருவர், மாறி மாறி உவமையாகப் பேசுவார்கள். 'சாப்பிட வாருங்கள்' என்ற ஒரே செய்தி அரைமணி நேரம் சுற்றி வரும். அவசரக்காரருக்குப் பொறுமை போய்விடும், ஆனால் தலைவருக்கு முதல் பயிற்சியே அந்தப் பொறுமைதான் என்று நினைக்கிறேன்.

இந்த உரைகளில் பங்குலுவுக்கு வரும் உவமை மிகவும் புகழ்பெற்றது: திடல் நடுவில் நிற்கிற பெரிய மரம். வேர் சம்மணமிட்டு உட்கார. அடிமரம் சாய்ந்துகொள்ள. கிளை தொங்க. இலை வெயிலுக்கு நிழல், மழைக்கு ஒதுக்கிடம். போகும்போது அவரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள், திரும்பும்போது அவரிடம் சேதி சொல்வார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவது மினாங்கபாவு ஆண்களின் வாழ்க்கை முறை, அதனால் அந்தக் கடைசி வரி அவர்களுக்கு வெறும் அலங்காரமாகப் படாது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார்கள்: இந்த மரம் முளைத்தது நட்டதால், உயர்ந்தது தூக்கியதால். தானாக முளைக்கவில்லை. மற்றவர்களைவிட உயர்வு எவ்வளவு? ஒரு சுள்ளி உயரம். முன்னால் வைப்பது எவ்வளவு? ஓர் அடி. கை நீட்டினால் தொடுகிற உயரம், எட்டினால் பிடிக்கிற தூரம்.

உறுதிமொழியில் சாபம் இருக்கிறதாமே?

இருக்கிறது. இறைவன் பேரால் உறுதி எடுப்பார். நீதி தவறினால் தன் மேல் விழட்டும் என்று அவர் ஏற்கும் சாபம் இது: மேலே துளிர் இல்லாமல், கீழே வேர் இல்லாமல், நடுவில் வண்டு துளைக்கட்டும்.

மேலே மரமென்று வாழ்த்தினார்களே, அந்த மரத்துக்கே உரிய சாபம். வாழ்த்தில் வேர், அடிமரம், கிளை, இலை என்று எண்ணினார்கள். சாபத்தில் அவற்றையே ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். பட்டுப்போன மரம் விழுந்தாலும் விறகாகும், வண்டு துளைத்தது அதற்கும் ஆகாது.

டத்துக் ஆனபின் என்னென்ன செய்யக் கூடாது?

முகம் சிவந்து கோபப்படக் கூடாது. ஓடக் கூடாது. மரம் ஏறக் கூடாது. தலையில் சுமை வைக்கக் கூடாது. இவை 'பங்குலுவின் விலக்குகள்'. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முப்பது வயதில் பட்டம் ஏற்றவன் மறுநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் ஊர் பார்க்கும். உடம்பு நடையை மாற்றினால் மனமும் மாறும் என்று நம்புகிறார்கள்.

அவருக்கும் மேலே ஒன்று உண்டு. சகோதரியின் மகன் தாய்மாமனுக்குக் கட்டுப்பட்டவன், தாய்மாமன் பங்குலுவுக்கு, பங்குலு கூடிய கருத்துக்கு, கூடிய கருத்து உண்மைக்கு. உண்மை தானே நிற்கும். வாக்கியத்தின் கடைசியில் ஆளே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விருந்தில் என்ன விசேஷம்?

'மாக்கான் பஜம்பா'. பெரிய தட்டைச் சுற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒன்றாக உண்பது. பெண்கள் சோறும் கறியும் தலையில் சுமந்து வரிசையாகக் கொண்டுவருவார்கள். உங்களுக்கு நேர் முன்னால் உள்ள சோற்றைத்தான் எடுக்கலாம், அதுவும் சிறு பிடி. வலது கை வாய்க்குப் போகும்போது இடது கை அதற்குக் கீழே குழிவாகக் கூடவே போகும், சிந்துகிற பருக்கை பொதுத் தட்டில் திரும்ப விழாமல் இருக்க. பக்கத்தில் இருப்பவர் டத்துக்கா, மாணவனா என்பது அந்தத் தட்டில் தெரியாது.

எல்லாப் பங்குலுவும் சமமா?

இரண்டு மரபுகள். கோத்தோ பிலியாங் மரபில் பங்குலுக்களிடையே மேல் கீழ் உண்டு. போதி சனியாகோ மரபில் உட்கார்ந்தால் ஒரே தாழ்வு, நின்றால் ஒரே உயரம். வீட்டைப் பார்த்தே சொல்லலாம்: முதல் மரபின் பெரிய வீட்டில் இரு கோடியிலும் தரை உயர்ந்திருக்கும், இரண்டாவதில் தரை முழுக்க ஒரே மட்டம்.

இன்றைக்கும் இது உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது. அடியும் பட்டது. 1979-ஆம் ஆண்டின் கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுவதும் ஒரே மாதிரிக் கிராமத்தைக் கொண்டுவந்தபோது நகரிகள் துண்டு துண்டாயின. 2000-இல் மாநில ஒழுங்குவிதி ஒன்று நகரியை மீண்டும் நிர்வாக அலகாக்கியது.

இப்போதைய சிக்கல் தூரம். டத்துக் ஜகார்த்தாவில் வேலை பார்ப்பார், வீட்டில் 'பனுங்கேக்' என்ற துணைத் தலைவர் காரியங்களைப் பார்த்துக்கொள்வார். நிழல் தரும் மரம் வேறு ஊரில் நின்றால் எப்படி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானிலும் இந்த மரபின் கிளை வாழ்கிறது. அங்கே குடியேறிய மினாங்கபாவு மக்கள் 1773-இல் மேற்கு சுமத்ராவின் பழைய அரசிருக்கையான பாகாருயுங்கிலிருந்து ராஜா மெலேவாரை வரவழைத்து அரசராக்கினார்கள். இன்றும் அந்த மாநில அரசரைத் தேர்ந்தெடுப்பது 'உண்டாங்' எனப்படும் வட்டாரத் தலைவர்கள். சிரம்பான் தமிழர்கள் எருமைக்கொம்புக் கூரைகளைத் தினமும் கடந்துதான் போகிறார்கள்.

பட்டம் ஏற்றவரை எந்தப் பெயரில் கூப்பிடுவது?

பட்டப்பெயரில். 'சிறுவனுக்குப் பெயர், பெரியவனுக்குப் பட்டம்' என்பது பழமொழி. திருமணமான எந்த ஆணுக்கும் ஒரு பட்டம் கிடைக்கும், ஆனால் டத்துக் பட்டம் குலத்துக்கு உரியது. சூடியபின் சிறுவயதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. மகாராஜோ, பண்டாரோ என்றெல்லாம் பட்டங்கள் வரும், நம் காதுக்கு அந்நியமாக இராது.

இந்தோனேசிய விடுதலை வரலாற்றில் பெரிய பெயரான தான் மலாக்கா, பிறந்தபோது இப்ராஹிம். லிமாபுலு கோத்தாவின் பாண்டாம் கடாங் ஊரில் உள்ள அவருடைய தாய்வழிக் குலத்தின் பட்டம்தான் 'டத்துக் தான் மலாக்கா'. இளம் வயதிலேயே அதைச் சூடிக்கொண்டு 1913-இல் நெதர்லாந்துக்குப் படிக்கப் போனார். பிறகு பல நாடுகளில் தலைமறைவு, பல புனைபெயர்கள். 1949 பிப்ரவரியில் கிழக்கு ஜாவாவின் கெடிரி பகுதியில், செலோபாங்குங் கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். குழிக்கரையில் பெயர் அறிவிக்கச் சொந்தக்காரர் யாரும் அங்கே இல்லை.

2017-இல் பாண்டாம் கடாங்கிலிருந்து குடும்பத்தாரும் ஊராரும் செலோபாங்குங்குக்குப் போனார்கள். அந்தக் கல்லறையிலிருந்து மண் எடுத்து, சுமத்ராவுக்குக் கொண்டுவந்து, அவர் வளர்ந்த ஊரில் அடக்கம் செய்தார்கள்.